புகையிரத நேர அட்டவணையை வாசித்துப் பயணத்தைத் திட்டமிடல்

இப்பாடத்தின் மூலம் நீங்கள் பெறும் தேர்ச்சிகள்:
• 24 மணித்தியால நேர அட்டவணையை வாசித்தல்
• புகையிரதம் மாறிச் செல்லும் பயணமொன்றின் நேரத்தைக் கணித்தல்
• இணைப்பு தவறினால் நேரக்கூடிய விளைவை முன்கூட்டியே மதிப்பிடல்

1. அறிமுகம்

நேர அட்டவணை தொடர்பான வினாக்களில் மாணவர் பலர் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் சரியாக எழுதுகின்றனர். எனினும் "இப்புகையிரதத்தை ஏன் தெரிவு செய்தீர்?" எனக் கேட்டால் காரணம் காட்டத் தவறிவிடுகின்றனர். பயணத்திட்டம் ஒன்று நல்லதா என்பதை, எல்லாம் ஒழுங்காக நடந்தால் எப்போது சேருவோம் என்பதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஒன்று தவறினால் எப்போது சேருவோம் என்பதையும் பார்க்க வேண்டும். சுவிற்சர்லாந்திலுள்ள பிரிபூர், தூன் ஆகிய இரு நகரங்களுக்கு இடையிலான குறுகிய பயணம் ஒன்றைக் கொண்டு இதனை விளங்கிக் கொள்வோம்.

பிரிபூரிலிருந்து தூன் செல்வோர் வழமையாக நாட்டின் தலைநகராகக் கருதப்படும் பேர்ண் நகரில் புகையிரதம் மாறுவர். பிரிபூரிலிருந்து பேர்ண் வரையும், பேர்ணிலிருந்து தூன் வரையும் தூரம் தனித்தனியே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் ஆகும். தூன் நகரம் அதே பெயருடைய ஏரியிலிருந்து ஆரே ஆறு வெளியேறும் இடத்தில் அமைந்துள்ளது.

2. சீரான இடைவெளி அட்டவணை

சுவிற்சர்லாந்தில் 1982 ஆம் ஆண்டு நாடு முழுவதற்குமான சீரான இடைவெளி அட்டவணை அறிமுகமானது. ஒரு நிலையத்திலிருந்து 8.04 க்குப் புறப்படும் சேவை 9.04, 10.04, 11.04 என ஒவ்வொரு மணித்தியாலமும் அதே நிமிடத்தில் புறப்படும் என்பதே இதன் பொருள். முக்கிய பாதைகள் பலவற்றில் இன்று அரை மணித்தியாலத்துக்கு ஒரு சேவை உண்டு.

1987 இல் மக்கள் வாக்கெடுப்பில் அங்கீகரிக்கப்பட்ட "புகையிரதம் 2000" திட்டம் இம்முறையை மேலும் விரிவாக்கியது. அதன் பிரதான கட்டம் 2004 டிசம்பர் 12 இல் நடைமுறைக்கு வந்தது. பேர்ண் போன்ற சந்தி நிலையங்களுக்குப் பல திசைகளிலிருந்தும் புகையிரதங்கள் மணி நிறைவடைவதற்குச் சில நிமிடங்கள் முன்னர் வந்து சேரும். பயணிகள் மாறிக் கொண்ட பின், மணி கடந்து சில நிமிடங்களில் அவை புறப்படும். இதற்குப் பொருந்தும்படி சூரிச் – பேர்ண் பயணநேரம் புதிய பாதையொன்றின் மூலம் ஒரு மணித்தியாலத்துக்குக் குறைவாக, அதாவது 56 நிமிடங்களாகக் குறைக்கப்பட்டது.

இம்முறையின் நன்மை காத்திருக்கும் நேரம் குறைவு என்பதாகும். அதே காரணத்தால் மாறுவதற்குக் கிடைக்கும் நேரமும் குறைவாகும். திட்டமிடுபவர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

3. மாதிரி அட்டவணை

கீழேயுள்ள அட்டவணை மேற்கூறிய முறையைப் பின்பற்றிப் பயிற்சிக்காக அமைக்கப்பட்டது. உண்மைப் பயணத்துக்கு அந்த நாளுக்குரிய அட்டவணையையே பார்க்க வேண்டும்.

| | அ | ஆ | இ | ஈ |
|---|---|---|---|---|
| பிரிபூர் – புறப்படல் | 08.04 | 08.34 | 09.04 | 09.34 |
| பேர்ண் – வருகை | 08.26 | 08.56 | 09.26 | 09.56 |
| பேர்ண் – புறப்படல் | 08.34 | 09.04 | 09.34 | 10.04 |
| தூன் – வருகை | 08.54 | 09.24 | 09.54 | 10.24 |

4. செய்துகாட்டிய உதாரணம்

மாணவி ஒருத்திக்குத் தூன் நகரில் மு.ப. 10.30 க்குத் தொழிற்பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சை உண்டு. நிலையத்திலிருந்து அவ்விடத்துக்கு நடந்து செல்ல 15 நிமிடங்கள் ஆகும். 10 நிமிடங்கள் முன்னதாக அங்கிருக்க அவள் விரும்புகிறாள். பேர்ணில் மேடை மாற 5 நிமிடங்கள் தேவை. அவள் எச்சேவையைத் தெரிவு செய்ய வேண்டும்?

படி 1: சேர வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணிக்க.
10.30 இலிருந்து 25 நிமிடங்களைக் கழிக்க 10.05 கிடைக்கும். எனவே 10.05 க்கு முன்னர் தூன் நிலையத்தை அடைய வேண்டும்.

படி 2: பொருந்தும் இறுதிச் சேவையைக் காண்க.
10.05 க்கு முன்னர் சேரும் இறுதிச் சேவை "இ" ஆகும் (09.54).

படி 3: மாறும் நேரத்தைச் சோதிக்க.
09.26 க்கு வந்து 09.34 க்குப் புறப்பட வேண்டும். கிடைப்பது 8 நிமிடங்கள், தேவை 5 நிமிடங்கள். மேலதிகமாக இருப்பது 3 நிமிடங்கள் மாத்திரமே.

படி 4: இணைப்பு தவறினால் என்ன நடக்கும் எனக் காண்க.
முதற் புகையிரதம் 6 நிமிடங்கள் தாமதித்தால் அவள் 09.32 க்கே பேர்ணை அடைவாள். 09.34 புகையிரதத்தைப் பிடிக்க முடியாது. அடுத்தது 10.04 க்குப் புறப்பட்டு 10.24 க்குத் தூன் சேரும். நடந்து செல்லும்போது நேரம் 10.39. நேர்முகப் பரீட்சைக்கு 9 நிமிடங்கள் பிந்திவிடும்.

படி 5: முந்திய சேவையுடன் ஒப்பிடுக.
"ஆ" சேவையில் சென்று பேர்ணில் இணைப்பு தவறினாலும், 09.34 புகையிரதத்தில் ஏறி 09.54 க்குத் தூனை அடையலாம். நேர்முகப் பரீட்சைக்கு எவ்விதப் பாதிப்பும் இல்லை.

முடிவு: அவள் "ஆ" சேவையைத் தெரிவு செய்ய வேண்டும். இதற்காக அவள் கொடுக்கும் விலை 30 நிமிடக் காத்திருப்பாகும். "இ" இல் சென்றால் 6 நிமிடத் தாமதம் ஒரு தொழில் வாய்ப்பையே பறிக்கக்கூடும்.

அதே மாணவி ஏரியைப் பார்க்க மட்டும் செல்வதாயின் "இ" போதுமானது. இணைப்பு தவறினால் அரை மணித்தியாலமே வீணாகும். ஆகவே எவ்வளவு மேலதிக நேரம் வேண்டும் என்பது பயணத்தின் நோக்கத்தில் தங்கியுள்ளது.

5. புறப்படுமுன் சரிபார்க்க வேண்டியவை

(அ) நாள்: ஞாயிறு, விடுமுறை நாட்களில் சில சேவைகள் இடம்பெறுவதில்லை. ஐரோப்பிய அட்டவணைகள் பலவற்றில் குறுக்காக வைத்த இரு சுத்தியல்கள் வேலை நாட்களையும், சிலுவைக் குறி ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களையும் குறிக்கும். ஓகஸ்ட் 1 சுவிற்சர்லாந்தின் தேசிய தினமாகும். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் நடுப்பகுதியில் புதிய அட்டவணை தொடங்கும்.

(ஆ) இடப்பெயர்: பிரிபூர் என்பது பிரெஞ்சுப் பெயர். ஜேர்மன் மொழியில் அது பிரைபூர்க் எனப்படும். ஜேர்மனியிலும் பிரைபூர்க் என்னும் நகரம் உண்டு. எனவே பயணச்சீட்டு வாங்கும்போது நாட்டையும் கவனிக்க வேண்டும்.

(இ) மொழி: பிரிபூரில் பெரும்பாலோர் பேசுவது பிரெஞ்சு. பேர்ணிலும் தூனிலும் பேசப்படுவது ஜேர்மன். புகையிரதப் பாதை இலக்கத்துக்கு முன்னர் பிரெஞ்சில் "வுவா" எனவும் ஜேர்மனில் "கிலைஸ்" எனவும் எழுதப்பட்டிருக்கும்.

(ஈ) பயணச்சீட்டு: ஏறுமுன் வாங்க வேண்டும். சாதாரண சீட்டை அந்த நாளில் அப்பாதையில் ஓடும் வேறு புகையிரதத்திலும் பயன்படுத்தலாம். மலிவு விலைச் சீட்டு குறித்த புகையிரதத்துக்கு மட்டுமே உரியது. முந்திய சேவையில் செல்ல எண்ணுவோர் இவ்வேறுபாட்டை மறக்கக் கூடாது.

6. மாணவர் விடும் பொதுவான பிழைகள்

• நேரத்தைத் தசம எண்ணாகக் கழித்தல். 9.04 – 8.34 = 0.70 என எழுதுவது பிழை. ஒரு மணித்தியாலத்தில் 60 நிமிடங்களே உள்ளன. சரியான விடை 30 நிமிடங்கள்.
• மொத்தப் பயண நேரத்தில் மாறுவதற்கான காத்திருப்பைச் சேர்க்காது விடுதல்.
• 17.36 ஐ பி.ப. 7.36 என எழுதுதல். 12 ஐக் கழிக்க வேண்டும். விடை பி.ப. 5.36.

7. பயிற்சி வினாக்கள்

1. "அ" சேவையில் பிரிபூரிலிருந்து தூன் வரை செல்ல எடுக்கும் மொத்த நேரம் யாது? (1 புள்ளி)
2. பேர்ண் – தூன் தூரத்தை 30 கி.மீ. எனக் கொண்டு புகையிரதத்தின் சராசரிக் கதியைக் காண்க. (2 புள்ளிகள்)
3. ஒருவர் தூனில் 09.45 க்கு வைத்தியரைச் சந்திக்க வேண்டும். நிலையத்திலிருந்து 15 நிமிட நடை.
(i) அவர் செல்லக்கூடிய இறுதிச் சேவை எது? (1 புள்ளி)
(ii) பேர்ணில் இணைப்புத் தவறி அடுத்த புகையிரதத்தில் சென்றால் எத்தனை நிமிடங்கள் பிந்துவார்? (2 புள்ளிகள்)
(iii) நீங்கள் அவருக்கு எச்சேவையைச் சிபாரிசு செய்வீர்? காரணம் தருக. (2 புள்ளிகள்)
4. மாலையில் தூனிலிருந்து 17.36 க்குப் புறப்பட்டு, பேர்ணில் மாறி, 18.26 க்குப் பிரிபூரை அடையும் பயணி எடுத்த நேரத்தையும், சேர்ந்த நேரத்தை 12 மணித்தியால முறையிலும் எழுதுக. (2 புள்ளிகள்)

விடைகள்

1. 50 நிமிடங்கள் (22 + 8 + 20).
2. 30 கி.மீ. ÷ ⅓ மணித்தியாலம் = மணித்தியாலத்துக்கு 90 கி.மீ.
3. (i) "ஆ". (ii) தூன் 09.54, நடந்து சேர 10.09. எனவே 24 நிமிடங்கள். (iii) "அ". இணைப்பு தவறினாலும் 09.24 க்குத் தூனை அடைந்து, 09.39 க்கு வைத்தியரிடம் சேரலாம்.
4. 50 நிமிடங்கள். பி.ப. 6.26.

குறிப்பு: வினா 3 (iii) இல் சேவையின் பெயரை மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. இணைப்பு தவறினால் சேரும் நேரத்தைக் கணித்துக் காட்டுவதே காரணமாகக் கொள்ளப்படும்.