யோகாசிரியரும் தனித்துறையும்

யோகாசனம் பயிற்றுவித்தலை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விழையும் இளைஞர் நம் பழைய மாணவருள்ளும் இன்று சிலர் உளர். அவர்கள் எம்மிடம் வினவுவது பெரும்பாலும் ஒன்றே: எத்துறையைத் தெரிந்துகொண்டால் மாணாக்கர் நாடி வருவர்? வினாவே சற்றுப் பிழைபட்டது என்பது எமது துணிபு. அதனை விளக்க மைசூர் யோகசாலையின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1933ஆம் ஆண்டில், திருமலை கிருஷ்ணமாச்சாரியார் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தத் தொடங்கினார். ஆங்குப் பயின்றோரிற் பலர் சிறுவரும் இளைஞருமாதலின், மூச்சோடிணைந்து ஓர் ஆசனத்தினின்று மற்றொன்றிற்குத் தாவும் விறுவிறுப்பான முறையே அவர்க்கு ஏற்றதாயிற்று. அம்முறையைக் கைக்கொண்ட பட்டாபி ஜோய்ஸ் 1948இல் மைசூரிலேயே தமக்கென ஒரு நிலையம் நிறுவினார். றீகா நகரிற் பிறந்த இந்திரா தேவி என்னும் மாதோ, அதே ஆசிரியரிடம் கற்றதை ஹொலிவூட்டுக்குக் கொண்டுசென்று, மென்மையான முறையிற் பயிற்றுவித்துப் புகழ்பெற்றார்.

எனினும் நாம் நின்று நோக்கவேண்டியவர் பி. கே. எஸ். ஐயங்காரே. இளமையில் மலேரியா, நச்சுக்காய்ச்சல், காசநோய் ஆகியவற்றால் நலிந்தவர் அவர். 1937இல், பதினெட்டு வயதில், பூனா நகருக்குப் பயிற்றுவிக்க அனுப்பப்பட்டார். அவ்வூர் மொழி அவருக்குத் தெரியாது. குருவிடம் கற்ற காலமும் சிறிது. மாணாக்கரோ அவரினும் மூத்தவர், உடல் வலிமை மிக்கவர். இத்தகையார் முன் நிற்கும் இளைஞன் யாது செய்வான்? தன் உடலையே ஆய்வுக்கூடமாக்கினான். பாதம் எப்பக்கம் திரும்பின் முழங்கால் நோகின்றது, தோள் எங்ஙனம் அமையின் மூச்சு விரிகின்றது என நாள்தோறும் மணிக்கணக்கிற் பயின்று கண்டான். நிற்றலின் நேர்மை, கயிறு, வார்ப்பட்டை, மரக்கட்டை ஆகியவற்றின் துணை என இன்று அவர் பெயரால் வழங்கும் துறை அவ்விடர்ப்பாட்டிற் பிறந்ததே. விளம்பரப் பலகையிற் பொறிப்பதற்கென அவர் அதனைத் தேடினாரல்லர். 1952இல் வயலின் மேதை யெகூடி மெனூகின் அவரை பம்பாயிற் சந்தித்தார். சில நிமிடமே எனக் குறித்த சந்திப்பு நெடுநேரம் நீண்டது; களைத்த இசைவாணருக்குக் கிடைத்த இளைப்பாறலே ஐயங்காருக்கு மேனாட்டு வாயிலைத் திறந்தது.

கிருஷ்ணமாச்சாரியாரின் மைந்தர் தேசிகாச்சாரின் வழி வேறு. பொறியியல் கற்றுத் தேறியவர் அவர். நெடுநாள் உறக்கமின்றித் துயருற்ற வெளிநாட்டு மாது ஒருவர் தம் தந்தையாற் குணமடைந்து நன்றி பாராட்டியதைக் கண்டபின்னரே இவ்வித்தையில் நாட்டங்கொண்டார். 1976இல் சென்னையில் அவர் தொடங்கிய மந்திரத்தில், ஒருவருக்கொருவராய் அமர்ந்து, அவரவர் வயதிற்கும் நோய்க்கும் தக்கவாறு பாடம் அமைத்தலே சிறப்பாயிற்று.

ஆகவே, எத்துறை என வினவுவதற்கு முன், எம் முன் அமர்ந்திருப்பவர் யார், எம் உடல் எமக்குக் கற்பித்தது யாது என வினவுக. முதுகுவலியால் ஈராண்டு வருந்திய ஆசிரியன் அலுவலகத்தில் நாள் முழுதும் அமர்ந்திருப்போரின் துயரை எளிதில் உணர்வான். மகப்பேற்றின் பின் பயிற்சியை மீளத் தொடங்கிய ஆசிரியை அன்னையர்க்கு உற்ற வழிகாட்டியாவாள். பிறர்துறை பொருளீட்டுகின்றது என்பதற்காக அதனுட் புகுவோர் ஓராண்டிற் சலித்துப்போதலை யாம் கண்டுள்ளோம்.

துறையைத் தெரிந்தபின் ஒரு கடமை கூடுகின்றது; இதனைப் பலர் மறக்கின்றனர். முதியோருக்குப் பயிற்றுவிப்பேன் என முன்வருபவன் சிரசாசனம் கண்ணினுள் அழுத்தத்தை ஏற்றும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். கண்ணழுத்த நோயுடையார்க்கு அது பார்வைக்கே கேடாகலாம். உயர் குருதியமுக்கம் உடையாரிடத்தும் எச்சரிக்கை வேண்டும். நீரிழிவை வேரறுப்பேன், மருந்தை நிறுத்துக எனக் கூறுவோனை ஆசிரியன் எனல் தகாது. முதல்நாட் பாடத்தில் ஆசனம் எதுவும் வேண்டா: கண், குருதியமுக்கம், பழைய முறிவுகள், உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுதலே அன்றைய வேலை.