விளைச்சல் கணக்கு: வயலிலிருந்து பத்திரிகை வரை

2022-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் மத்திய அரசு ஒரு கணக்கு வெளியிட்டது. அந்தப் பருவத்தில் நாட்டின் கோதுமை விளைச்சல் 11 கோடியே 13 லட்சம் டன்னாக இருக்கும், இதற்கு முன் இப்படி விளைந்ததில்லை என்றது. மார்ச் மாதம் வட மாநிலங்களில் வெயில் கொளுத்தியது. மணி முற்றும் சமயத்தில் சூடு தாங்காமல் கோதுமை சுருங்கிவிட்டது. மே 12-ந் தேதி, ஏற்றுமதிக்கு வாய்ப்புத் தேடி ஒன்பது நாடுகளுக்கு வர்த்தகக் குழுக்கள் போகும் என்று அறிவித்தார்கள். மறுநாள் 13-ந் தேதி ஏற்றுமதிக்கே தடை வந்தது. அடுத்த வாரம் திருத்திய கணக்கு வந்தது: 10 கோடியே 64 லட்சம் டன். மூன்று மாதத்தில் கணக்கிலிருந்து ஏறக்குறைய அரைக் கோடி டன் போய்விட்டது.

கோதுமை விளையாத நமது ஜில்லாவில் இருந்துகொண்டு நமக்கென்ன என்று இருக்க முடியவில்லை. மாவு, ரவை, மைதா மூன்றும் நம் கடை வழியாகத்தான் வீடுகளுக்குப் போகின்றன. பிப்ரவரிச் செய்தியைப் படித்து, விலை இறங்கும் என்று இருப்பைக் குறைத்துக்கொண்டவர்கள் அந்த வருஷம் பட்ட பாடு மொத்த வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இந்தக் கணக்கு எங்கே பிறக்கிறது, யார் எழுதுகிறார்கள், எந்த மாதத்துக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பதை நமது சங்கத்து அன்பர்கள் தெரிந்து வைத்திருப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

விளைச்சல் என்பது ஒரு பெருக்கல் கணக்கு. எவ்வளவு பரப்பில் பயிர் நின்றது, ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு கண்டது, இரண்டையும் பெருக்கினால் மொத்தம். நாம் மூட்டை எண்ணிக்கையை எடையால் பெருக்குவது போலத்தான். ஆனால் பரப்பை எழுதுகிறவர் ஒருவர், எடை போடுகிறவர் வேறொருவர். இரண்டும் வெவ்வேறு வழியில் வருகின்றன.

முதலில் பரப்பு. தமிழ்நாட்டில் இதற்கு ஆதாரம் கிராமக் கணக்கு இரண்டாம் எண், அதாவது அடங்கல். கிராமத்திலுள்ள ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும், அதன் உட்பிரிவுக்கும், இன்ன பயிர், இத்தனை பரப்பு, இன்ன பாசனம் என்று கிராம நிர்வாக அலுவலர் அதில் பதிய வேண்டும். இந்தக் கணக்கு ஆங்கில வருஷப்படி போகாது, பசலிப்படி போகும். ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் 30-ல் முடிவது ஒரு பசலி. பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்தால் பசலி எண் கிடைக்கும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434-ம் பசலி. நமது கன்னிப்பூ நெல் சித்திரை, வைகாசியில் விதைத்து ஆவணி, புரட்டாசியில் அறுப்பது. அதாவது ஒரு பசலியில் விதைத்து மறு பசலியில் அறுக்கிறோம். கும்பப்பூவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆண்டு அறிக்கையைப் புரட்டும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர் என்ற பதவி 1980-ல் வந்தது. அதற்கு முன் மற்ற ஜில்லாக்களில் பரம்பரைக் கர்ணம் எழுதினார். நமது நாலு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1-ந் தேதி வரை திருவிதாங்கூர் முறையில் இருந்தவை. பகுதி, பார்வத்தியக்காரர் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். களியக்காவிளையைத் தாண்டினால் இன்றும் முறை வேறு. கேரளத்தில் நம்மைப் போல் எல்லாக் கிராமத்துக்கும் வயல்வாரியாகப் பயிர் எழுதும் வழக்கம் இல்லாததால், 1975-76 முதல் மாதிரி நிலங்களைத் தேர்ந்தெடுத்துத் தனி ஊழியர்கள் போய்ப் பார்த்து எழுதுகிறார்கள். ஒடிசாவுக்கும் மேற்கு வங்காளத்துக்கும் இதே ஏற்பாடு.

முழுக்க எழுதுவது நல்லதா, மாதிரி எடுப்பது நல்லதா? எல்லா வயலையும் எழுதுவது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே ஆள் சாதிச் சான்று, வருமானச் சான்று, தேர்தல் வேலை, வெள்ள நிவாரணம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, மாதந்தோறும் ஒவ்வொரு வரப்பிலும் நடந்து எழுத வேண்டும். நடக்க நேரமில்லாவிட்டால் போன வருஷத்துப் பக்கத்தைப் பார்த்து இந்த வருஷத்துப் பக்கம் நிரம்பும். கடையில் சரக்கை எண்ணாமல் பழைய இருப்பையே எழுதினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டாம். இதற்கு மாற்றாகத்தான் செல்போன் மூலம் வயலிலேயே நின்று பதியும் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு வந்தது. எங்களால் இயலாது என்று கிராம நிர்வாக அலுவலர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களைக் கொண்டு அந்த வேலை செய்யப்பட்டது. பிள்ளைகளைப் புதர்க்காட்டில் இறக்கிவிட்டார்கள் என்று அப்போது பேச்சு எழுந்தது. வேலை எவ்வளவு கடினம் என்பதற்கு அதுவே சாட்சி.

நமது ஜில்லாவில் இன்னும் இரண்டு இடக்குகள் உண்டு. நஞ்சை என்ற சொல்லைப் பார்த்ததும் அங்கே நெல் நிற்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. நஞ்சை, புஞ்சை என்பது தீர்வைக்காக நிலத்துக்கு வைத்த வகை. பயிர் என்னவென்று அடங்கலில்தான் பார்க்க வேண்டும். தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும் நஞ்சையாகப் பதிவான எத்தனையோ நிலங்களில் இன்று வாழையும் தென்னையும் நிற்கின்றன, வீடும் நிற்கிறது. இரண்டாவது, கல்குளம், விளவங்கோடு பக்கத்துத் தோட்டங்கள். ஒரே விளையில் மேலே தென்னை, நடுவே வாழை, கீழே மரச்சீனி, பலாவில் படர்ந்த நல்லமிளகு. இருபது சென்டில் நாலு பயிர். எதற்கு எத்தனை சென்ட் எழுதுவது? மரத்தையும் மூட்டையும் எண்ணி, தனிப்பயிராக இருந்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பிரித்து எழுத வேண்டும். ஆகையால் நமது ஜில்லாவின் மிளகு, வாழைப் பரப்பு என்று படிக்கும்போது, அது அளந்த பரப்பு என்று எண்ணாமல் மதிப்பிட்ட பரப்பு என்று எடுத்துக்கொள்வதே சரி.

இனி மகசூல். இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம், ஏனென்றால் இங்கே தராசு வருகிறது. இதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். கிராமத்தையும் சர்வே எண்ணையும் குலுக்கல் போன்ற எண் முறையில் எடுப்பார்கள். நல்ல வயலாகப் பார்த்து எடுக்கவும் கூடாது, சாவி விழுந்த வயலாகப் பார்த்து எடுக்கவும் கூடாது. வயலுக்குள் எத்தனை அடி எடுத்து வைத்து எங்கே முளை அடிப்பது என்பதும் அந்த எண்ணின்படிதான். அங்கே 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி, உள்ளே நிற்கும் கதிரை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு, பிறகு காய்ந்தால் எவ்வளவு குறையும் என்றும் பார்க்கிறார்கள்.

25 சதுர மீட்டரில் காய்ந்த நெல் பன்னிரண்டரை கிலோ கண்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரில் இப்படி 400 சதுரம். ஆகவே ஹெக்டேருக்கு 5,000 கிலோ. ஏக்கருக்கு 2,023 கிலோ. நம்மூர்க் கணக்கில் 87 கிலோ கோட்டைக்கு 23 கோட்டைக்குச் சற்று மேல். இப்போது கவனியுங்கள்: அந்தத் தராசில் கால் கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 100 கிலோ பிசகும். ஈர நெல்லைக் காய்ந்த நெல்லாக எழுதிவிட்டால் சொல்லவே வேண்டாம்.

இந்தச் சதுரத்தின் அளவு பற்றி 1940-களில் பெரிய சர்ச்சையே நடந்திருக்கிறது. கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை 1931-ல் தொடங்கிய மகலனோபிஸ், சின்ன வட்டம் போட்டு அறுத்தால் போதும், நிறைய இடத்தில் அறுக்கலாம் என்றார். விவசாய ஆராய்ச்சிக் கழகத்திலிருந்த சுகாத்மே ஒப்பவில்லை. சின்ன வட்டத்தில் விளிம்பு நீளம். விளிம்பில் நிற்கும் பயிரை அறுக்கிறவன் கை உள்ளேதான் சேர்க்கும். அதனால் மகசூல் கூடுதலாகத் தெரியும் என்று காட்டினார். நாழியில் அளக்கும்போது தலை கட்டுவது போன்ற விஷயம். நாழி சிறிதானால் தலை கட்டியதன் பங்கு பெரிதாகும்.

2016 முதல் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துக்கும் இதே பரிசோதனைதான் அடிப்படை. கிராமத்தை ஓர் அலகாக வைத்து, முக்கியப் பயிருக்கு நான்கு இடத்தில் அறுக்கிறார்கள். அந்தச் சராசரி, உறுதி செய்த மகசூலுக்குக் கீழே போனால் இழப்பீடு. என் வயல் மூழ்கிவிட்டது, பக்கத்துக் கிராமத்துக்குப் பணம் வந்தது, எனக்கு வரவில்லை என்று விவசாயி நம் கடையில் வந்து வருத்தப்படுவதன் காரணம் இதுதான். அவர் பெயரில் நம் பேரேட்டில் பற்று நிற்குமானால், அந்த நாலு சதுரத்தில் தராசு எப்படி நின்றது என்பது நம் வரவையும் தொடுகிறது.

இப்போது கோதுமைக்குத் திரும்புவோம். அரசு ஒரு பருவத்துக்கு ஒரே கணக்கு வெளியிடுவதில்லை. முன் மதிப்பீடு முதலாவது, இரண்டாவது என்று வந்து, கடைசியில் இறுதிக் கணக்கு வரும். பிப்ரவரியில் கோதுமை வயலில் நிற்கிறது. அப்போது அறுவடைத் தராசு இறங்கவே இல்லை. பரப்பையும் முந்தைய வருஷங்களின் மகசூலையும் மழை நிலவரத்தையும் பார்த்துச் சொன்னது அந்த 11 கோடியே 13 லட்சம். அறுத்து எடை போட்ட பிறகு வந்த இறுதிக் கணக்கு 10 கோடியே 77 லட்சம். பயிர் நிற்கும்போது வரும் எண்ணைப் பருவநிலைச் செய்தி போலவும், அறுத்த பின் வரும் எண்ணை ரசீது போலவும் நான் வைத்துக்கொள்கிறேன். முந்தியதை நம்பி மூன்று மாதச் சரக்கு எடுக்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன். அதோடு மண்டி வரத்தையும் லாரி எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்ப்பது நம் தொழிலின் பழைய வழக்கம். அதை விட வேண்டியதில்லை.

கால்நடைக் கணக்கு வேறு மாதிரி. 1919-20 முதல் ஐந்தாண்டுக்கு ஒரு தரம் வீடு வீடாக எண்ணுவது வழக்கம். இருபதாவது கணக்கெடுப்பு 2019-ல் வெளிவந்தது. கோழி எண்ணிக்கையில் 12 கோடியோடு தமிழ்நாடு முதலிடம். இருபத்தொன்றாவது 2024 அக்டோபர் 25-ல் தொடங்கியது. தவிடு, பிண்ணாக்கு வியாபாரம் செய்கிறவர்கள் பார்க்க வேண்டிய கணக்கு இது. நில உடைமைக்கு 1970-71 முதல் தனியாக விவசாயக் கணக்கெடுப்பு உண்டு. 2015-16-ல் தமிழ்நாட்டில் சராசரிப் பண்ணை 0.75 ஹெக்டேர், கேரளத்தில் 0.18.

உலகம் முழுவதற்கும் இப்படி ஒரு கணக்கு வேண்டும் என்று முதலில் அலைந்தவர் ஒரு கடைக்காரர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. டேவிட் லூபின் என்பவர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் சாக்ரமெண்டோ நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பேரம் இல்லை, யாருக்கும் ஒரே விலை என்று கடை நடத்தியவர். விளைச்சல் செய்தி பெரிய தரகர்கள் கையில் மட்டும் இருப்பதால் விவசாயியும் சிறு வியாபாரியும் ஏமாறுகிறார்கள் என்று கண்டு, நாடு நாடாகப் போய்ப் பேசினார். இத்தாலி மன்னர் செவி சாய்த்தார். 1905-ல் ரோம் நகரில் சர்வதேச விவசாய நிறுவனம் ஏற்பட்டது. இப்போது ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு அதே நகரிலிருந்து அந்த வேலையைச் செய்கிறது. மேலே சொன்ன சுகாத்மே பின்னாளில் அங்கே போய்ப் புள்ளியியல் பிரிவை நடத்தினார்.

கடைசியாக நம்மிடம் வாங்கும் கணக்கு. 2023 ஜூன் 2-ல் துவரைக்கும் உளுந்துக்கும் இருப்பு வரம்பு வந்தது. மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். அதே மாதம் கோதுமைக்கு மொத்த வியாபாரிக்கு 3,000 டன், சில்லறைக் கடைக்கு 10 டன் என்றார்கள். செப்டம்பரில் மொத்த வியாபாரியின் வரம்பு துவரைக்கும் உளுந்துக்கும் 50 டன்னாகவும், கோதுமைக்கு 2,000 டன்னாகவும் இறங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் கோதுமை இருப்பை அரசின் இணையதளத்தில் பதியச் சொன்னார்கள். பலர் அதை வரி அதிகாரியிடம் கொடுக்கும் கணக்கு என்று பயந்து குறைத்து எழுதப் பார்த்தார்கள். குறைத்து எழுதினால் நாட்டில் சரக்கு இல்லை என்று கணக்கு காட்டும். அதைப் பார்த்து வரம்பு இன்னும் இறங்கும். இடிப்பது நம் தலையில்தான்.

பொருளியல் புள்ளியியல் துறை ஊழியர் விலை கேட்டுக் கடைக்கு வருவதும் உண்டு. கூட்ட நேரத்தில் வந்தால் நமக்கு எரிச்சல்தான். கல்லாவில் இருக்கும் பையன் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுகிறான். அதற்குப் பதில், அன்று காலை முதல் விற்ற அரிசி, பருப்பு, எண்ணெய் விலையை ரகத்தோடு ஒரு சீட்டில் எழுதிக் கல்லாப் பக்கத்தில் வைத்துவிடலாம். பொன்னி என்றால் எந்தப் பொன்னி, புதுசா பழசா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். யார் கேட்டாலும் அந்தச் சீட்டைப் பார்த்துச் சொல்ல ஒரு நிமிஷம் போதும்.