தண்ணீர் படாத பொருளாகத் தேர்ந்தெடுங்கள்

வீட்டிலேயே பயோபிளாஸ்டிக் செய்யலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்ன பொருள் செய்யப்போகிறீர்கள்? டம்ளர், சோப்பு டப்பா என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஸ்டார்ச் மாவில் செய்த பயோபிளாஸ்டிக் தண்ணீரில் ஊறத்தான் செய்யும்.

ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி ஸ்டார்ச்சுக்கு நான்கு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு தேக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி கிளிசரின். சிறு தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். பால் நிறத்தில் இருந்த கரைசல் சட்டென்று கெட்டிப்பட்டு, கரண்டியைப் பிடித்து இழுக்கும். அவசரப்பட்டு இறக்காதீர்கள். வெள்ளைத் திட்டு ஒன்றுகூட இல்லாமல் எல்லாம் கண்ணாடிப் பசையாக வேண்டும். வேகாத மாவு நின்ற இடத்தில்தான் பிறகு விரிசல் விழும். வளைந்து கொடுக்கும் தன்மை கிளிசரினால் வருவது. குறைந்தால் நொறுங்கும், கூடினால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். அதனால் மழைக்காலத்தில் கொஞ்சம் குறைத்துப் போடுவேன்.

காயவைப்பதில்தான் பொறுமை போகும். தண்ணீர் வெளியேற வெளியேறச் சுருங்கி, அப்பளம்போல ஓரம் தூக்கும். கிண்ண வடிவம் வேண்டுமென்றால் அச்சின் உட்புறத்தில் அப்புங்கள். சுருங்கும்போது தானே கழன்று வரும். டம்ளரின் வெளிப்புறத்தில் சுற்றினால் இறுகி வெடித்துவிடும். சலித்த தென்னை நார்த்தூளோ முட்டை ஓட்டுத்தூளோ கலந்தால் சுருக்கம் குறையும். கூர்மூலை வேண்டாம், எங்கும் ஒரே கனம் இருக்கட்டும். கடும் வெயிலில் வைத்தால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து கோணிக்கொள்ளும். காற்றோட்டம் இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். காற்றாடும் நிழல்தான் சரி.

புத்தக அடையாளம், பரிசுப் பொட்டல அட்டை, பொத்தான் கிண்ணம் எல்லாம் நன்றாக வரும். எனக்குப் பிடித்தது அப்படியே மண்ணில் புதைக்கும் கீரை விதைத் தாள். ஊறிக் கரையும் குணம் இங்கே குறையே இல்லை. இதற்கு வினிகரை விட்டுவிடுவேன். விதையை ஈரக் கூழிலேயே கலந்தால் தாள் காயும் முன்பே முளைவிடும். முக்கால் பங்கு காய்ந்ததும் தூவி அழுத்தினால் போதும்.

நிறத்துக்கு மஞ்சள், பீட்ரூட் சாறு. சீக்கிரம் வெளுத்துவிடும், போகட்டும். தண்ணீர் தாங்கட்டும் என்று மேலே வார்னிஷ் அடித்தால் உரக்குழிக்கு ஆகாது. கடையில் 'மக்கும்' என்று அச்சிட்டு வரும் பிஎல்ஏ (ஒருவகை பயோபிளாஸ்டிக்) கோப்பைகளையும் வீட்டு உரக்குழியில் போடாதீர்கள். அவை மக்குவதற்குத் தொழிற்கூட உரக்கிடங்கின் ஏறத்தாழ 60 டிகிரி வெப்பம் வேண்டும்.