வானொலி வலையங்களும் கணினி இணைப்பும்

தேர்த் திருவிழாவில் வடம் பிடிப்போர் பலராயினும், இழுக்கச் சொல்வதும் நிறுத்தச் சொல்வதும் ஒரே குரலாக ஒலித்தல் வேண்டும். ஒரு வடத்தினர் கேட்டு மறு வடத்தினர் கேளாதிருப்பின் தேர் கோணும். சில்லருகே கட்டையோடு நிற்பவனுக்கு உயிராபத்து நேரும். பெருவிபத்து நிகழ்ந்த இடத்திற் பொலிசாரும் தீயணைப்புப் படையினரும் நோயாளர் காவு வண்டியினரும் ஒருங்கு கூடும்போதும் நிலைமை இத்தகையதே. அவர்தம் குரல்களைக் கணினி எவ்வாறு இணைக்கின்றது என்பதையும், அவ்விணைப்பு எவ்விடத்தில் மனிதரை நம்பி நிற்கின்றது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரப் பொலிசார் 1928ஆம் ஆண்டிலே தம் கார்களுக்கு வானொலி வழியே ஒழுங்காகக் கட்டளை அனுப்பத் தொடங்கினர். ஆயின், அக்கார்களில் இருந்தவை வாங்கிகள் மாத்திரமே. மறுமொழி கூற விரும்பியவர் தொலைபேசியைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. 1933ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநிலத்துப் பேயோன் நகரிற் காரிலிருந்தே பேசவும் கேட்கவும் கூடிய இருவழி முறை வந்தது. அதன் பயனைக் கண்ட ஒவ்வொரு திணைக்களமும் தன்தன் தேவைக்கும் பணத்துக்கும் ஏற்பத் தனித்தனி வலையம் அமைத்துக்கொண்டது. பின்னாளில் தோன்றிய இடர்களுக்கு வித்து அங்கேயே விழுந்தது.

ஒரு கருவி எழுப்பும் அலையை மற்றொன்று வாங்க வேண்டுமெனின் இரண்டும் ஒரே மீடிறனில் இயங்குதல் வேண்டும். மீடிறன் ஒத்திருந்தாலும், குரலை எண்களாக்கும் முறை வேறாயிற் பயனில்லை. ஆகவே ஒரே தெருவில் அருகருகே நிற்கும் பொலிஸ்காரர் பேச்சும் தீயணைப்பு வீரருக்குச் செவிடன் காதில் ஊதிய சங்காகிவிடும். 1982ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் வாசிங்டன் நகரிற் பனிப்புயலிடையே புறப்பட்ட விமானமொன்று பாலத்தில் மோதிப் பொற்றோமக் ஆற்றில் வீழ்ந்தது. எழுபத்தெட்டுப் பேர் மாண்டனர். அதே பிற்பகலில் அந்நகரின் நிலக்கீழ்ப் புகைவண்டியொன்றும் தடம் புரண்டது. விரைந்து வந்த பல திணைக்களத்தாரும் தம்முள் வானொலியிற் பேச வழியின்றித் தடுமாறினர்.

இதற்குக் கணினி தரும் தீர்வு யாது? ஒவ்வொரு வலையத்தையும் சேர்ந்த வானொலிக் கருவியொன்றை ஒரு வாயிற்கருவியோடு பொருத்துவர். அது, வரும் குரலைச் செக்கனுக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு இருமத் துண்டுகளாகக் குறிக்கும். எனவே ஒரு செக்கன் பேச்சு 64,000 துண்டுகளாகும். இவற்றைச் செக்கனில் ஐம்பதிலொரு பங்குக்கு ஒரு பொதியாகக் கட்டினால் ஒவ்வொரு பொதியிலும் 160 அளவுகள் அடங்கும். பேசுபவர் பொத்தானை அழுத்தியமையும் விட்டமையும் உடன் குறிக்கப்பெறும். கட்டுப்பாட்டு அறை அலுவலரின் கணினித் திரையில் வலையங்கள் யாவும் தனித்தனிக் கட்டங்களாகத் தோன்றும். அவர் இரண்டையோ மூன்றையோ தெரிந்து இணைத்தால், ஒன்றில் எழும் பொதிகள் படியெடுக்கப்பெற்று மற்றைய வாயிற்கருவிகளைச் சென்றடையும். அங்கே மீண்டும் குரலாகி, அவ்வலையத்தின் செலுத்தியைத் தாமே இயக்கி ஒலிக்கும். களத்தில் நிற்பவர் எவரும் தம் கருவியை மாற்ற வேண்டுவதில்லை. முன்னர் ஒரு காதாற் கேட்டு மறு தொலைபேசியிற் சொன்ன அலுவலரின் வேலையை இப்பொழுது இணைப்பு செய்கின்றது.

இஃது அரிய வசதியே. ஆயினும் இதற்கு மூன்று குறைகள் உள. முதலாவது, தாமதம். பொதி கட்டவும் கடத்தவும் மறுபுறச் செலுத்தி எழவும் சிறிது நேரம் செல்லும். பொத்தானை அழுத்திய கணமே பேசினால் முதற்சொல் அறுந்துபோகும். ‘உள்ளே செல்லாதே’ என்னும் ஆங்கில ஆணையில் மறுப்புச் சொல்லே முதலில் நிற்பது. அஃது அறுந்தால் எஞ்சுவது ‘உள்ளே செல்’ என்னும் ஆணையே! இரண்டாவது, சுழற்சி. இரண்டு வலையங்களை இரு வேறு அலுவலர் இரு வேறு இடங்களில் இணைத்துவிட்டால், ஒரு குரல் ஒரு வழியாற் சென்று மறு வழியால் திரும்பி, ஓயாது சுற்றி இரண்டையும் அடைத்துவிடும். மூன்றாவது, நெரிசல். ஒரு வலையத்தில் ஒரு வேளை ஒருவரே பேசலாம். நூறு பேர் கொண்ட ஐந்து வலையங்களை ஒன்றாக்கினால் ஐந்நூறு பேருக்கு ஒரே வாய் என்றாகும். எனவே எல்லாரையும் எல்லாரோடும் இணைப்பது நன்மையன்று. தலைவர்களை இணைத்து, ஏனையோரைத் தம்தம் வலையத்திலேயே விடுதல் முறை.

கருவி இருந்தும் குரல் சேராத கதையொன்றை நியூயோர்க் நகரம் உலகுக்குக் காட்டியது. 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் நாள் உலக வர்த்தக மையத்தின் இரு கோபுரங்களும் தாக்கப்பட்டன. 1993ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்பின் பின்னர், உயர்ந்த மாடிகளுக்கும் தீயணைப்பாளர் குரல் எட்டுமாறு அங்கே இடைமாற்றுக் கருவியொன்று அமைக்கப்பட்டிருந்தது. அன்று காலை 8.54 மணிக்கு அது முடுக்கப்பட்டது. ஆயின், அதன் கைப்பிடிக் கருவியில் இரண்டாவது பொத்தானொன்றையும் அழுத்த வேண்டும். அதனை எவரும் அழுத்தவில்லை. வட கோபுரத்துத் தலைமை அலுவலர்கள் 9.05 மணியளவிற் சோதித்து, கருவி பழுதென எண்ணிக் கைவிட்டனர். தென் கோபுரத்தில் ஏறிய அலுவலரோ அதே இடைமாற்றியைத் தம் சொந்தக் கருவி வாயிலாகப் பயன்படுத்தினார். பழுது கருவியில் இருக்கவில்லை.

தென் கோபுரம் 9.59 மணிக்கு வீழ்ந்தது. வெளியேறுமாறு ஆணை உடனே பிறந்ததாயினும், வட கோபுரத்தில் இருந்த பலர் அதனைக் கேட்கவில்லை. கேட்டவருட் பலர் மற்றைக் கோபுரம் வீழ்ந்ததை அறியவில்லை. வட கோபுரமும் நெடுநேரம் நில்லாது என்று பொலிஸ் ஹெலிகொப்டர் ஓட்டுநர் ஒருவர் 10.08 மணிக்கு அறிவித்தார். அச்செய்தி பொலிஸ் வலையத்தில் ஒலித்தது. தீயணைப்பு வலையத்தை எட்டவில்லை. 10.28 மணிக்கு வட கோபுரமும் வீழ்ந்தது. அன்று தீயணைப்புப் படையினர் 343 பேர் உயிர் துறந்தனர். இத்துணை இழப்புக்கும் வானொலி ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் அந்த இருபது நிமிடங்களை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது.

கணினியை வைத்தாற் குறை தீரும் என்று கருதுவோர்க்கு இலண்டன் மாநகரம் 1992ஆம் ஆண்டிலேயே விடை கூறிவிட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 26ஆம் நாள் அந்நகரின் நோயாளர் காவு வண்டிச் சேவை, வண்டிகளைத் தெரிந்து ஏவும் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தது. ஒவ்வொரு வண்டியும் எங்கே நிற்கின்றது என்பதைப் பிழையின்றி அறிந்தாலன்றி அம்முறை இயங்காது. வானொலி வழி வந்த தகவல்களோ குறையுடையனவாயிருந்தன. ஒரே இடத்திற்கு இரு வண்டிகள் சென்றன. சில இடங்களுக்கு வண்டி மிகப் பிந்தியே சென்றது. காத்திருந்தோர் மீண்டும் மீண்டும் அழைக்க, அழைப்புக்கள் மலிந்து, எச்சரிக்கைச் செய்திகள் திரையில் மலைபோற் குவிந்தன. மறுநாளே பாதி வேலை மனிதர் கைக்கு மீண்டது. நவம்பர் 4ஆம் நாள் அதிகாலையில் எஞ்சிய பாதியும் நின்றுபோயிற்று. ஒவ்வொரு முறை வண்டியை ஏவும்போதும் நினைவகத்திற் சிறிதளவைப் பிடித்து விடுவியாத ஒரு சிறு நிரற்பகுதியே அதற்குக் காரணம் என்று விசாரணையிற் கண்டனர். அலுவலர் காகிதத்துக்குத் திரும்பினர்.

இவ்விரு வரலாறுகளும் கற்பிப்பது ஒன்றே: இணைத்தல் வேறு, கேட்கச் செய்தல் வேறு. முன்னையது பொறியின் வேலை. பின்னையது பயிற்சியின் வேலை. பொத்தானை அழுத்திச் சற்றுத் தாமதித்துப் பேசுதல், கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல், எந்த வலையத்தை எவர் இணைப்பது என்பதை முன்னரே வரையறுத்தல், கணினி நின்றாற் கைக்கொள்ளும் காகித முறையையும் மறவாதிருத்தல் ஆகியன விலையுயர்ந்த கருவிகள் அல்ல. அமெரிக்கப் பொலிசார் பத்து என்னும் எண்ணை முதலாகக் கொண்ட குறியீடுகளை நெடுங்காலம் வழங்கினர். ஒரு நகரில் ஒரு பொருள் தந்த எண் அயல் நகரில் வேறு பொருள் தந்தது. குரல் இணைந்தும் கருத்து இணையாமையைக் கண்டபின், பல திணைக்களங்கள் கூடும் வேளையில் எளிய பேச்சு மொழியே வேண்டும் என்ற விதி அங்கே வந்தது.

நம் கல்லூரி மாணவரிற் பொறியியலும் கணினியியலும் கற்கச் செல்வோர் பலர். வலையங்களை இணைக்கும் வேலை அவருட் சிலர் கைக்கு வருதல் கூடும். அப்பொழுது, திரையில் இணைப்பு விளங்குவதைக் கண்டு அவர்கள் அமைதி கொள்ளலாகாது. மறுமுனையில் நிற்பவர் ‘கேட்டது’ என்று சொல்லும்வரை வேலை முடிந்ததாகாது என்பதே யாம் அவர்க்குக் கூற விரும்புவது.