விதைத் தேர்வு

உழவுத் தொழிலுக்கு நிலமும் நீரும் இன்றியமையாதவை. எனினும், அவ்விரண்டின் பயனையும் உழவனுக்கு ஆக்கித் தருவது நல்ல விதையே. நிலம் வளமுடையதாயினும், மழை தவறாது பெய்யினும், விதை பொய்க்குமாயின் உழைப்பு வீணாகும். இழந்த பொருளை மீண்டும் ஈட்டலாம். தவறிய பட்டத்தை அவ்வாண்டில் மீட்டல் இயலாது. ஆதலின், அறிவுடைய உழவர் ஏர் பூட்டும் முன்னரே விதையைப் பற்றி எண்ணுவர்.

இயற்கை வேளாண்மையில் இவ்வெண்ணம் இன்னும் இன்றியமையாதது. அம்முறையில் செயற்கை உரமோ நச்சு மருந்தோ இடுவதில்லை. எனவே, நோயையும் இடரையும் தாங்கும் ஆற்றல் பயிரிடத்தே இயல்பாக அமைந்திருத்தல் வேண்டும். மருந்து கலந்த விதையையும் இவ்வுழவர் கொள்ளார்.

முதற்கண் ஆராயத்தக்கது, விதை நிலத்துக்கு ஏற்றதா என்பது. காட்டுயானம் என்னும் நெல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, வெள்ளம் தேங்கும் தாழ்ந்த வயலிலும் நிலைத்து நிற்கும். ஆனால், விளைய ஏறத்தாழ 180 நாள் வேண்டும். பூங்காரோ குறுகிய காலத்தில் விளைவது. குழியடிச்சான் உவர்நிலத்தையும் தாங்கும். அயலான் வயலில் செழித்தது என்பதனால் மட்டும் ஒரு நெல்லைத் தேர்ந்துகொள்ளுதல் தகாது.

இத்தகைய நெல்வகைகள் எளிதில் கிடைப்பனவும் அல்ல. 1966-ஆம் ஆண்டுக்குப் பின் குட்டையான, மிகுவிளைச்சல் நெல்வகைகள் பரவின. பழைய வகைகள் பல வயலைவிட்டு மறைந்தன. அவற்றைத் தேடித் திரட்டியவருள் ஒருவர், திருத்துறைப்பூண்டியை அடுத்த கட்டிமேட்டைச் சேர்ந்த நெல் ஜெயராமன். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழிநின்ற அவர், ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். அங்கு 2 கிலோ விதை பெற்ற உழவர், மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருதல் மரபாயிற்று. 2018-இல் அவர் மறைந்தபோது, அவர் மீட்டவை 174 வகைகள் என்று நாடு போற்றியது.

விதை வேண்டுவோர் பட்டத்துக்கு ஒரு திங்களேனும் முன்னதாகவே சொல்லிவைத்துப் பெறுதல் நலம். எந்த ஆண்டு விளைந்தது, பிற வகை கலவாததா என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும். வந்த விதையினின்று 100 மணிகளை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தால், ஒரு வாரத்துக்குள் அதன் திறம் விளங்கும். 80 மணிகளேனும் முளைத்தால் அது நல்ல விதை. குறைந்தால் வேறு விதை தேடக் காலம் இருக்கும். கடைசி நாளில் வாங்குவோனுக்கு இவ்வாய்ப்பு இல்லை.

விதைக்கும் முன் மற்றொரு சோதனையும் உண்டு. கோழிமுட்டை மிதக்கும் அளவுக்கு நீரில் உப்பைக் கரைத்து, முட்டையை எடுத்துவிட்டு நெல்லை இடவேண்டும். பதரும் அரைவயிறு நெல்லும் மேலே மிதக்கும். முற்றிய மணி அடியில் தங்கும். அதனை நன்னீரில் இருமுறை கழுவி விதைக்கலாம்.

நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. ஆதலின், கலப்பின்றிக் காத்த மரபு நெல் மறு ஆண்டும் தன் இயல்பு மாறாது விளையும். செழித்த கதிரைத் தெரிந்தெடுத்து, நன்கு உலர்த்தி, நொச்சியிலை இட்டுச் சேமிக்கும் உழவன் மறு பட்டத்தில் பிறர் கையை எதிர்பாரான். இல்லாதவர்க்கும் விதை ஈவான்.