பிக்கப் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்திய பின்: முன் அச்சுக் கோணங்கள்

பிக்கப் வண்டி ஓட்டிப் பிழைக்கும் நம் இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்பது இது: "ஐயா, முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்துக்குச் சமமாக்கினோம். இப்போது ஸ்டியரிங் அலைகிறது, ஏன்?"

சுமையில்லாத பிக்கப்பில் பின்பக்கம் உயர்ந்திருப்பது குறையன்று. கரும்போ மூட்டையோ ஏற்றினால் தாழ்வதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். வெறும் வண்டியைச் சமமாக்கினால், சுமையேற்றியதும் மூக்கு மேலே போகும். முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும்.

இனி கோணத்துக்கு வருவோம். நான் பணியாற்றிய ரயில்வேயில் சக்கரத்துக்கு ஸ்டியரிங் கிடையாது. ஓடும் முகம் 20க்கு 1 என்ற சரிவில் இருப்பதால் சக்கரங்கள் தாமே நடுவுக்கு வரும். சாலை வண்டியில் அந்த வேலையைச் செய்வது காஸ்டர் கோணம். அதாவது, சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருப்பது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் இதற்கே.

ஜீப் வழிவந்த பழைய பிக்கப்புகளைப்போல, முன்னாலும் பட்டை ஸ்பிரிங்கும் ஒரே நீள அச்சும் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். ஸ்பிரிங் நீளம் 1000 மி.மீ.; ஷாக்கிள் அதன் முன்முனையில் இருக்கிறது. 50 மி.மீ. கூடுதல் நீளமுள்ள ஷாக்கிள் போட்டால் வண்டி 25 மி.மீ. உயரும். ஆனால் ஸ்பிரிங் முன்னோக்கி 2.9 பாகை சாயும். வீல்பேஸ் 2500 மி.மீ. என்றால், சட்டம் நிமிர்வதால் 0.6 பாகை திரும்பக் கிடைக்கும். நிகர இழப்பு 2.3 பாகை. முன்பு 3 பாகை இருந்தால் மிஞ்சுவது 0.7 மட்டுமே. ஸ்டியரிங் தானாகத் திரும்பாததற்குக் காரணம் இதுதான். ஷாக்கிள் பின்முனையில் இருந்தால் காஸ்டர் கூடி, ஸ்டியரிங் கனக்கும்.

சரிசெய்யும் வரிசை:

1. டயர் காற்று, கிங்பின் ஆட்டம், பேரிங், இருபக்க உயரம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். இவை கெட்டிருந்தால் அளவெல்லாம் பொய்.

2. காஸ்டரை அளந்து, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே இரும்பு ஆப்பு வையுங்கள். காஸ்டரைக் கூட்ட, ஸ்பிரிங் அச்சுக்கு மேலே இருந்தால் தடித்த முனை பின்பக்கம். கீழே இருந்தால் முன்பக்கம். யூ போல்ட்டைச் சிறிது ஓடியபின் மீண்டும் முடுக்குங்கள்.

3. கேம்பர் இவ்வகை அச்சில் உயரத்தால் மாறாது. மாறியிருந்தால் அச்சு வளைந்திருக்கலாம், அல்லது புஷ் தேய்ந்திருக்கலாம். தனித்தனிக் கைகள் உள்ள புதிய வண்டிகளில் கேம்பரும் மாறும். அதற்கு அலைன்மென்ட் எந்திரமே சரி.

4. டோ-இன்னைக் கடைசியில் பாருங்கள். பின்னர் டிராக் லிங்க்கைத் திருத்தி ஸ்டியரிங்கை நடுவுக்குக் கொண்டு வாருங்கள்.

தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் மறவாதீர்கள். ஆகவே பழைய உயரத்துக்கே திரும்புவதுதான் முதல் மருந்து.

மேல்கோட்டை மலையிலிருந்து சுமையோடு இறங்கும்போது வளைவுக்கு வளைவு ஸ்டியரிங் தானே நேராக வரவேண்டும். வராத வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.