வேலைக்கேற்ற மொழி

ஊசியால் கிணறு தோண்ட முடியாது. கடப்பாரையால் கிழிந்த பாவாடையைத் தைக்கவும் முடியாது. கணிப்பொறி மொழிகளும் அப்படித்தான். இவ்வுண்மையை நாங்கள் சென்ற ஆண்டு பட்டு அறிந்தோம்.

வகுப்பு நூலகத்தின் புத்தகப் பட்டியலைக் கணிப்பொறியில் அமைத்துப் பள்ளிக் கண்காட்சியில் வைக்க நாங்கள் ஐவர் முன்வந்தோம். எந்த மொழியில் எழுதுவது? "கெட்டிக்காரர்கள் சி மொழியில்தான் எழுதுவார்களாம்" என்றாள் ஒருத்தி. மறுபேச்சின்றி அதையே எடுத்துக்கொண்டோம்.

சி மொழியில் ஒரு பெயருக்கு வேண்டிய இடத்தை நாமே ஒதுக்க வேண்டும். தலைப்புக்கு 40 பைட்டுகள் ஒதுக்கினோம். 'பொன்னியின் செல்வன்' என்பதில் 9 எழுத்துகளே உள்ளன. ஆனால் யுடிஎஃப்-8 என்னும் குறியீட்டு முறையில் எழுத்துக்கு 3 பைட்டு. அதனுடன் சேரும் புள்ளி, கொம்பு போன்ற குறிக்குத் தனியே 3 பைட்டு. இடைவெளியையும் சேர்த்தால் மொத்தம் 52! மிஞ்சியது அடுத்திருந்த ஆசிரியர் பெயருக்குள் புகுந்து அதைக் கெடுத்தது. பிழையைத் தேடுவதிலேயே மூன்று வாரம் கழிந்தது. கண்காட்சியன்று எங்கள் மேசை காலியாக இருந்தது.

குற்றம் மொழியினுடையதன்று. டென்னிஸ் ரிச்சி பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய அம்மொழியில்தான் 1973இல் யூனிக்ஸ் இயக்க முறைமை திருத்தி எழுதப்பட்டது. ஒவ்வொரு பைட்டையும் கட்டி ஆள வேண்டிய வேலைக்கு அது ஏற்றது. எங்கள் வேலையோ வெறும் பெயர்ப் பட்டியல். கீடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட பைத்தான் மொழியில், பெயரின் நீளத்துக்கேற்ப இடம் தானே அமையும். வேகம் சற்றுக் குறைவுதான். முந்நூறு புத்தகங்களுக்கு அது தெரியவேயில்லை. விடுமுறையில் ஒரே வாரத்தில் முடித்துவிட்டோம்.

நமக்குப் பின் அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றும் எண்ண வேண்டும். 1959இல் வகுக்கத் தொடங்கிய கோபோல் மொழி வணிகக் கணக்குகளுக்கு மிகப் பொருத்தமானது. ஆயினும் 2020 ஏப்ரலில் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் அம்மொழி அறிந்தவர்கள் உதவ முன்வருமாறு பொதுமக்களிடம் கேட்க நேர்ந்தது.

தோழியரே, மொழியின் புகழைக் கேட்டு மயங்க வேண்டாம். வேலை என்ன? நாள் எத்தனை? நம்மில் யாருக்குத் தெரியும்? நாளை யார் திருத்துவார்? இவற்றை முதலில் கேளுங்கள். எங்கள் பட்டியலை இப்போது ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் கவனித்து வருகிறார்கள். சென்ற ஆண்டு காலியாக இருந்த மேசையில் இவ்வாண்டு அவர்களே அமர்ந்திருந்தார்கள்.